பெர்லாவின் மகன் ரூபென்

ரமாத் ஏலா, மேல் கலிலேயா
4 டிசம்பர் 1977

அன்பு அக்கா பெர்லாவுக்கு நெகமா எழுதுவது.

இங்கு நான், உரியேல், பிள்ளைகள், கோழிகளில் பாதி, எல்லோரும் சுகம். நீயும் அத்தானும் ரூபெனும் சுகம் என்று அடுத்த தபாலில் எழுது.

உரியேலின் காயம் பற்றிக் கேட்டிருந்தாய். ராக்கெட் விழுந்தது கோழிக்கொட்டகைக்குப் பின்னால். ஒரு சில்லு முழங்காலுக்குக் கீழே பாய்ந்துவிட்டது. எடுத்துவிட்டார்கள். இப்போது கம்பு ஊன்றி நடக்கிறார். நடப்பதைவிட அதிகமாகக் குறை சொல்கிறார். அதனால் பயப்பட ஒன்றுமில்லை.

சான் எலியாஸிலிருந்து நீங்கள் அனுப்பிய சாமான்கள் வந்து சேர்ந்தன. லாரி வந்து நின்றபோது மழை கொட்டியது. ஊரே நனைந்துகொண்டு இறக்கியது. மெத்தைகள், கம்பளிகள், எண்ணெய் அடுப்புகள்! அக்கா, இதுவரை எங்கள் பதுங்குகுழியில் ஆப்பிள் பெட்டிகளை வரிசையாகப் போட்டு, மேலே சாக்கு விரித்துத்தான் பிள்ளைகளைப் படுக்க வைத்தோம். நேற்று அபாயச் சங்கு ஊதியபோது ஒஃப்ரா அழவில்லை. புது மெத்தைமேல் ஏறிக்கொண்டு கேட்டாள்: "அம்மா, இத அனுப்பினது யாரு?" "பெரியம்மா ஊர்க்காரங்க." "அவங்க அத்தன பேரும் நமக்குச் சொந்தமா?" "இனிமே அப்படித்தான்."

எங்கள் எல்லைக்கும் உங்கள் ஊருக்கும் உறவு ஏற்படுத்தி வைத்தவர்களுக்குப் புண்ணியம். வீடு வீடாக ஏறி இறங்கிச் சேர்த்தது ரூபெனும் அவன் நண்பர்களும் என்று உங்கள் ஊர்க் குழுவிலிருந்து கிளைமன் எழுதியிருந்தார். என் பிள்ளைக்கு ஆயிரம் முத்தம். எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை, சொல்லாமல் இருக்கவும் முடியவில்லை.

உன் வாயாடித் தங்கை,
நெகமா

---

சான் எலியாஸ், என்ட்ரே ரியோஸ்
8 ஜனவரி 1978

அடி நெகமா,

நாங்கள் மூவரும் சுகம். உங்களுக்குக் குளிர், எங்களுக்குக் கோடை; வெயில் மண்டையைப் பிளக்கிறது. உன் அத்தான் மருந்துக்கடையில் மின்விசிறிக்கு முன்னால் உட்கார்ந்து எல்லோருக்கும் தலைவலி மாத்திரை விற்கிறார். உன் புருஷன் கால் இப்போது எப்படி?

அந்தக் காலால் எங்களுக்கு வந்த வினையைக் கேள். அவருக்காக ஜெபிக்கப் பெயர் அனுப்பச் சொன்னோம் அல்லவா? உங்கள் ஊர்க் காரியதரிசி 'உரியேல், பாரூக்கின் மகன்' என்று எழுதி அனுப்பிவிட்டார். ஜெபக்கூடத்தில் பெயர்களைப் படிக்கிற மோய்சேஸ் அதைப் பார்த்ததும் முகம் வெளுத்து என்னிடம் ஓடி வந்தார். "ஏம்மா, இத நோயாளிங்களோட படிக்கணுமா, செத்தவங்களோட படிக்கணுமா?" உயிரோடிருப்பவருக்கு ஜெபித்தால் தாயின் பெயர், இறந்தவருக்கு என்றால் தந்தையின் பெயர். இது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். வேதம் வாசிக்க ஆண்களைத் தந்தை பெயரால் கூப்பிடுகிற பழக்கத்தில் அந்த மனிதர் எழுதிவிட்டார் போலிருக்கிறது. நான் நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டேன். உன் தந்தி வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்தக் காரியதரிசிக்கு ஒரு குட்டு வை.

நன்றி, நன்றி என்று எழுதாதே. அது கடைக்காரனுக்குச் சொல்வது. உன் பிள்ளை தரையில் படுத்தால் எனக்கு இங்கே முதுகு வலிக்காதா?

பெர்லா

சித்தி, நான் ரூபென். மெத்தை ஒவ்வொன்றின் மேலும் நானே குதித்துப் பார்த்து அனுப்பினேன். எது கிழிந்திருந்தாலும் பொறுப்பு என்னுடையது. ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் குடிசைகளில் வெள்ளம் புகுந்ததால் அவர்களுக்கும் ஒரு குவியல் சேர்க்கிறோம். அம்மா, "ஒரு வீட்டுக் கதவ ஒரு தடவதான்டா தட்டலாம்" என்கிறாள். நான் இரண்டு தடவை தட்டுகிறேன். எல்லையைத் தாண்டி, உங்கள் மலைக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் எங்கே படுக்கிறார்கள்? அவர்களைப் பற்றியும் எழுதுங்கள்.

---

ரமாத் ஏலா
5 பெப்ரவரி 1978

அன்பு அக்காவுக்கு,

எல்லோரும் சுகம். அத்தானின் தலைவலி மாத்திரையில் இரண்டை அனுப்பு. எங்கள் காரியதரிசிக்குத் தேவைப்படுகிறது. உன் கடிதத்தை ஊர்க்கூட்டத்தில் உரக்கப் படித்துவிட்டேன்! உரியேல் கேட்டார், "ஏன்யா, என்னைக் குழியில எறக்கிட்டியே, மண்ணாவது ஒழுங்கா தள்ளினியா?" பாவம், மனிதர் காது சிவந்து போயிற்று.

ரூபெனிடம் சொல். மலைக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் எங்கே படுக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரியாது என்பதே அவன் கேட்ட பிறகுதான் உறைத்தது.

ஒரு நல்ல செய்தி. பாஸ்கா பண்டிகைக்கு முன்பு பதுங்குகுழி வாசலில் ஒரு கல் பதிக்கப் போகிறோம். சாமான் சேர்த்த ஐந்து பிள்ளைகளின் பெயரும் அதில் இருக்கும். ரூபென் பெயர் முதலில். ஐவரும் சேர்ந்த படம் ஒன்று அனுப்பு. வட்டாரப் பத்திரிகையிலும் போடுகிறார்களாம். மறுக்காதே அக்கா, இது ஊரின் ஆசை.

நெகமா

---

சான் எலியாஸ்
19 மார்ச் 1978

நெகமாவுக்கு,

சுகம்.

கல்லில் பெயர்கள் வேண்டாம். 'சான் எலியாஸ் மக்கள்' என்று போட்டால் போதும். ஐந்து பெயரும் வேண்டாம், பத்திரிகையில் எதுவும் வேண்டாம். படம் கைவசம் இல்லை.

ரூபென் தெற்கே படிக்கப் போயிருக்கிறான். அங்கே குளிர் சீக்கிரம் வந்துவிடும். கம்பளிச் சட்டையை எடுத்துப் போகவில்லை. நாற்காலி முதுகில் அப்படியே தொங்குகிறது.

உன் கடித உறைகள் இங்கே வரும்போது இரண்டு முறை ஒட்டியதுபோல் இருக்கின்றன. நல்ல பசையாக வாங்கு.

பிள்ளைகளுக்கு என் முத்தம்.

பெர்லா

---

ரமாத் ஏலா
16 ஏப்ரல் 1978

அன்பு அக்காவுக்கு,

இங்கு சுகம். அங்கும் சுகம்தான் என்று நம்புகிறேன். வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

நல்ல பசை வாங்கிவிட்டேன். புரிந்தது.

கல்லில் பெயர் இல்லாமல் பதித்துவிட்டோம். போன மாதம் ராணுவம் எல்லையைத் தாண்டிப் போனது. இரவும் பகலும் விமானச் சத்தம். குண்டு விழுவது மலைக்கு அந்தப் பக்கம், ஆனால் எங்கள் ஜன்னல்தான் ஆடுகிறது. ரூபென் கேட்டதை நினைத்துக்கொண்டே ஒஃப்ராவுக்குப் போர்த்திவிடுகிறேன்.

எப்போதும் 'நாங்கள் மூவரும் சுகம்' என்றுதான் தொடங்குவாய். போன கடிதத்தில் யார் சுகம் என்று சொல்லவில்லை. நாலு பக்கத்துக்கு என்னைத் திட்டுகிறவள் ஒரு வசவுகூட இல்லாமல் முடித்திருக்கிறாய். விவசாயப் படிப்பில் கடைசி வருடத்தில் இருப்பவன் அதை விட்டுவிட்டுத் தெற்கே எதைப் படிக்கப் போவான்?

மே மாத முடிவில் உங்கள் ஊர்க் குழுவோடு கிளைமன் இங்கு வருகிறார். அவருக்கு நம் வீட்டில்தான் சாப்பாடு. அவரிடம் ஏதாவது கொடுத்தனுப்பு. என்னவானாலும் கொடுத்தனுப்பு.

நெகமா

---

சான் எலியாஸ்
21 மே 1978
(கிளைமன் கையில்)

என் தங்கமே,

இது தபாலில் வராது. கிளைமன் தன் கோட்டின் உள்துணிக்குள் வைத்துத் தைத்துக்கொண்டு வருகிறார். படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

ரூபெனைக் கொண்டுபோய்விட்டார்கள். மார்ச் இரண்டாம் தேதி, இரவுச் சாப்பாட்டு நேரம். நம்பர் பலகை இல்லாத கார். சாதாரண உடுப்பில் மூன்று பேர் வந்தார்கள். ஒருவன் என் மேஜையிலிருந்த ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டே கேட்டான், "பாலத்துக்கு அந்தப் பக்கம் சாமான் கொடுக்கிறது நீதானடா?" ரூபென் சொன்னான், "இந்தப் பக்கமும் கொடுக்கிறேன் ஐயா. கடல் தாண்டியும் கொடுக்கிறேன்." சட்டையை மாட்டிக்கொள்ள விடவில்லை. "ரெண்டு கேள்விதாம்மா. காலையில வந்துடுவான்" என்றார்கள்.

நெகமா, இரண்டு குவியல்கள். ஒரே தெரு, ஒரே கதவுகள், ஒரே பையன். உங்களுக்குச் சேர்த்த குவியலுக்கு நகரசபையிலிருந்தே வாழ்த்து வந்தது. குடிசைகளுக்குச் சேர்த்த குவியலுக்கு இந்தக் கார் வந்தது.

போலீஸில் கேட்டோம். "அப்படி யாரும் எங்ககிட்ட இல்ல." நாட்டை ஆளுகிற ராணுவத்தின் முகாமில் கேட்டோம். "ஏதாவது பொண்ணோட ஓடியிருப்பான், கல்யாணச் சாப்பாட்டுக்குக் காத்திருங்கம்மா." தெருவில் எதிரே வருகிறவர்கள் அந்தப் பக்கம் போய்விடுகிறார்கள். கடைக்கு முன்போல ஆள் வருவதில்லை. "ஏதாவது பண்ணியிருப்பான்" என்று எங்கள் ஜெபக்கூடத்திலேயே சொல்கிறார்கள், என் காதில் விழும்படி. அவர்கள் கெட்டவர்கள் இல்லை. பயந்தவர்கள்.

அவன் பெயரைக் கல்லில் போட வேண்டாம் என்றது இதற்காகத்தான். மற்ற நான்கு பேரும் இன்னும் தங்கள் வீட்டில் தூங்குகிறார்கள்.

இங்கே மோய்சேஸ் அவன் பெயரை உரக்கப் படிக்க அஞ்சுகிறார். நீங்கள் படியுங்கள். நோயாளிகளோடு, உயிரோடு இருப்பவர்களோடு. ரூபென், பெர்லாவின் மகன். எழுதியதைத் திரும்பவும் பார்த்துக்கொள், நெகமா. பெர்லாவின் மகன்.

அக்கா

---

ரமாத் ஏலா
9 ஜூன் 1978
(கிளைமன் கையில்)

அக்கா, என் அக்கா,

இந்த முறை சுகம் விசாரிக்க மாட்டேன்.

கிளைமன் வந்த அன்று ஊரே அவருக்கு மாலை போடாத குறை. பிள்ளைகள் பாட்டுப் பாடினார்கள், ஊர்த் தலைவர் நன்றி சொல்லிப் பேசினார். அந்த மனிதர் கைதட்டக் கைதட்ட அழுதுகொண்டே இருந்தார். நெகிழ்ந்து போய்விட்டார் என்று எல்லோரும் நினைத்தார்கள். பிறகு என் சமையலறையில் கத்தரிக்கோல் கேட்டார், கோட்டைப் பிரித்தார்.

கடிதத்தை எரித்துவிட்டேன். ஆனால் ஊரிடம் மறைக்கவில்லை. கிளைமனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு பதுங்குகுழியில் எல்லோரையும் கூட்டிச் சொன்னேன். அந்த மெத்தைகளின் மேலேயே உட்கார்ந்து கேட்டார்கள். பிறகு காரியதரிசி எழுந்தார். அதே மனிதர்தான். "பேரைச் சொல்லும்மா, இந்தத் தடவ நான் சரியா எழுதுறேன்" என்று சொல்லி எழுதிக்கொண்டார். ஒவ்வொரு ஓய்வுநாளும் அவரே படிக்கிறார்.

எருசலேமுக்கு, வெளியுறவு அமைச்சகத்துக்குப் போனேன். ஓர் அதிகாரி காப்பி கொடுத்தார். "சத்தமில்லாம செய்ய வேண்டியதச் செய்யறோம், நீங்க சத்தம் போடாதீங்க" என்றார். நான் வாயாடி என்று அவருக்குத் தெரியாது. எங்கள் ஊரில் ஒவ்வொரு வீடும் உங்கள் ஆளுநருக்கு ஓர் அட்டை எழுதியிருக்கிறது: 'எங்கள் பிள்ளைகளுக்கு மெத்தை அனுப்பிய பையன் எங்கே?' நாளை தபாலில் சேர்க்கிறோம். இதனால் கெடுதல் வருமா என்று கிளைமனைக் கேட்டேன். "இதுக்கு மேல கெடுதல் என்ன இருக்கு?" என்றார். இருக்கிறது என்று எனக்குப் பட்டது.

நீங்கள் இரண்டு பேரும் இங்கே வந்துவிடுங்கள். ராக்கெட் விழும்தான். ஆனால் இங்கே யார் கதவைத் தட்டினாலும் யாரென்று தெரியும்.

உன் நெக்கி

---

சான் எலியாஸ்
17 செப்டம்பர் 1978

நெகமாவுக்கு,

நானும் உன் அத்தான் சலமோனும் நடமாடுகிறோம். உரியேலின் கால் இன்னும் வலிக்கிறதா?

வரச் சொல்கிறாய். அவன் திரும்பி வந்து கதவைத் தட்டும்போது திறக்க யார் இருப்பார்கள்?

ஜூன் மாதம் இங்கே உலகக்கோப்பை. ஊர் முழுக்க ஆர்ப்பரிப்பு. ஒவ்வொரு கோலுக்கும் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஜன்னலைத் திறந்து கத்தினார்கள். ரூபெனும் கத்தியிருப்பான். நான் ஜன்னலைச் சாத்திக்கொண்டேன்.

இப்போது வியாழக்கிழமைகளில் பஸ் ஏறித் தலைநகரத்துக்குப் போகிறேன். என்னைப் போன்ற அம்மாக்கள் சிலர் சதுக்கத்தில் சேர்ந்து நடக்கிறோம். தலையில் வெள்ளைத் துணி. நின்றால் கூட்டம் என்று சொல்லிக் கைது செய்வார்களாம்; அதனால் நிற்காமல் சுற்றி வருகிறோம். முழங்காலுக்கு நல்லது.

உன் அத்தானோடு சண்டை. பாவநிவிர்த்தி நாள் வருகிறது. அன்று நினைவு ஜெபத்தில் இறந்தவர்களோடு ரூபெனைச் சேர்க்க வேண்டும் என்கிறார். "எனக்கு ஒரு முடிவு வேணும் பெர்லா. தினமும் சாகறதுக்கு ஒரு நாள் செத்தான்னு அழுதுட்டுப் போறேன்." பாவம், ராத்திரியெல்லாம் மாத்திரை எண்ணுகிறார், தூங்குவதில்லை. ஆனால் அவர் பெயரோடு என் பிள்ளை பெயரைச் சேர்த்துச் சொல்ல விடமாட்டேன். சொன்னால் எழுந்து வெளியே போய்விடுவேன்.

இந்த உறையைப் பிரித்து ஒட்டுகிற ஐயாவுக்கு ஒரு வார்த்தை. இனி உங்களுக்குப் பயந்து எழுத எனக்கு நேரமில்லை. உங்களுக்கும் ஓர் அம்மா இருப்பாள். உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் யார் பெயரைச் சொல்லி ஜெபிக்க வேண்டும் என்று அவளிடம் கேட்டுப் பாருங்கள்.

பெர்லா

---

ரமாத் ஏலா
22 அக்டோபர் 1978

அன்பு அக்காவுக்கு,

சுகமா? அத்தான் சுகமா? இந்த இரண்டு கேள்விக்கும் இந்த முறை பதில் கட்டாயம் வேண்டும்.

பாவநிவிர்த்தி நாளில் இங்கு மாலை ஜெபத்துக்கு நடுவே அபாயச் சங்கு ஊதியது. எல்லோரும் பட்டினி வயிற்றோடு பதுங்குகுழிக்குள் இறங்கி, மெத்தைகளைச் சுருட்டி வைத்துவிட்டு நின்றபடி தொடர்ந்தோம். காரியதரிசி 'ரூபென்' என்றார். மூச்சு விட நிறுத்தினார். அதற்குள் ஒஃப்ரா கத்தினாள், "பெர்லாவோட மகன்!" பிறகு எல்லாப் பிள்ளைகளும் கத்தினார்கள். மேலே எங்கோ வெடித்தது. பிள்ளைகள் காதில் விழவே இல்லை.

அட்டைகளுக்குப் பதில் இல்லை.

தபால் அலுவலக ஐயாவுக்கு நீ எழுதியதைப் படித்தபோது சிரித்தேன், பிறகு பயந்து பேனாவை எடுத்தேன். அக்கா, நாக்கைக் கொஞ்சம் அடக்கு. வாயாடி நான்தான்; நீ அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளாதே. வியாழக்கிழமை பஸ் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், சொன்னால் கேட்கப் போகிறாயா? தனியாகப் போகாதே. அதையாவது கேள்.

உடனே எழுது. ஒரு வரி போதும். வசவாக இருந்தால் இன்னும் நல்லது.

நெகமா

---

சான் எலியாஸ்
17 டிசம்பர் 1978

நெகமாவுக்கு சலமோன் எழுதுவது.

நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். உன் அக்காவுக்கு வந்த கடிதத்தை நான்தான் பிரித்தேன். மன்னித்துக்கொள்.

பெர்லா நவம்பர் இரண்டாம் வாரம் பஸ் ஏறிப் போனாள். அன்று அவளோடு போக இருந்தேன். கடையில் ஆள் இல்லை என்று நின்றுவிட்டேன். அவள் திரும்பவில்லை. சதுக்கத்தில் கூட நடந்த பெண் ஒருத்தி சொன்னாள்: நடந்து முடித்துத் தெருமுனை திரும்பும்போது கார் ஒன்று வந்து நின்றதாம். நம்பர் பலகை இல்லையாம். கேட்ட இடத்திலெல்லாம் அதே பதில்தான் எனக்கும் சொன்னார்கள்.

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை, உனக்குத் தெரியும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பாவநிவிர்த்தி நாளில் நினைவு ஜெபத்துக்கு எழுந்து நின்றேன். 'ரூபென், சலமோனின் மகன்' என்று வாய்வரை வந்துவிட்டது. பெண்கள் பக்கம் பெஞ்சு கிறீச்சிட்டது. திரும்பிப் பார்த்தேன். உன் அக்கா கைப்பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்க்கொண்டிருந்தாள். என்னால் சொல்ல முடியவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவளே எனக்குச் சூப் ஊற்றினாள். அதைப் பற்றி அதற்குப் பிறகு பேசவில்லை.

இப்போது மோய்சேஸ் பயத்தை விட்டுவிட்டார். உரக்கப் படிக்கிறேன் என்கிறார். பழைய நண்பர்கள் சிலரும் வந்து என் பக்கத்தில் நிற்கிறார்கள். ரூபெனின் தாய் பெயர் எனக்குத் தெரியும். பெர்லாவின் தாய் பெயர் எனக்குத் தெரியவில்லை, நெகமா. கல்யாணமாகி இருபத்தெட்டு வருடம், உங்கள் அம்மாவை 'அத்தை' என்று மட்டுமே கூப்பிட்டேன். திருமண ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். பெர்லா, ஹெர்ஷின் மகள் என்றிருக்கிறது. கல்லறைக்குப் போனேன். அத்தையின் பெயரைப் பாசி மூடியிருக்கிறது. கத்தியால் சுரண்டினேன், கல்லே உதிர்கிறது. கேட்க இங்கே யாரும் உயிரோடு இல்லை. மோய்சேஸ் தயங்கிக்கொண்டே கேட்டார், "அப்போ அப்பா பேரையே சொல்லிடலாமா?" நான் அவர் சட்டையைப் பிடித்துவிட்டேன். வாழ்க்கையில் யார் மேலும் கை வைத்ததில்லை.

எழுதியனுப்பு. சீக்கிரம்.

சலமோன்

---

ரமாத் ஏலா
31 டிசம்பர் 1978

அத்தானுக்கு,

தந்தியும் கொடுத்திருக்கிறேன். வழியில் யாராவது நிறுத்திவிட்டால் என்ற பயத்தில் கடிதமும் எழுதுகிறேன். இரண்டில் ஒன்று வந்து சேரட்டும்.

அம்மாவின் பெயர் மால்கா.

கடையில், படுக்கை அருகில், ஜெபக்கூடத்தில், எங்கெங்கே முடியுமோ அங்கெல்லாம் எழுதி வையுங்கள். நீங்கள் அனுப்பிய மெத்தைகளின் மேலேயே உட்கார்ந்து இங்கே நாங்கள் படிக்கத் தொடங்கிவிட்டோம். வாசல் கல்லில் இப்போது பெயர் இருக்கிறது. காரியதரிசி தன் கையாலேயே செதுக்கினார், கண்ணாடி போட்டுக்கொண்டு, எழுத்து எழுத்தாக என்னிடம் காட்டிச் சரிபார்த்தபடி.

பெர்லா, மால்காவின் மகள்.
ரூபென், பெர்லாவின் மகன்.

வேறு மாதிரி யாரையும் சொல்ல விடாதீர்கள் அத்தான். சட்டையைப் பிடித்தது சரிதான்.

நெகமா, மால்காவின் மகள்